அடுத்த அத்தியாயத்துக்கான அவசரம்: மாங்கா, வெப்டூன் திருட்டு நகல்களின் பின்னணி

2025 மே மாதம், மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகளைப் படிப்பவர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. வாசகர்களே மொழிபெயர்த்து ஏற்றும் மாங்கா சேகரிப்புகளில் மிகப் பெரிய ஒன்றான மாங்காடெக்ஸ், பதிப்பகங்களின் பதிப்புரிமை நோட்டீஸ் காரணமாக 700-க்கும் மேற்பட்ட தொடர்களின் அத்தியாயங்களை நீக்கியது. போனில் படிக்கும் கொரியப் படக்கதைகளான வெப்டூன்களை ஆங்கிலத்தில் தந்துவந்த ரீப்பர் ஸ்கேன்ஸ் குழு, கொரிய நிறுவனமான ககாவோ எண்டர்டெயின்மென்ட் அனுப்பிய சட்ட எச்சரிக்கைக்குப் பிறகு நிரந்தரமாக மூடப்பட்டது.

பெங்களூரில் இதன் தாக்கம் நன்றாகவே தெரிந்தது. கோரமங்களா பிஜி அறைகளிலும், ஒயிட்ஃபீல்டு போகும் மெட்ரோவிலும் போனில் மாங்கா படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். பாதியில் நின்ற தொடரை எங்கே தொடர்வது என்று தெரியாமல் போனது. கூடவே பழைய வாதங்களும் மறுபடி கிளம்பின. "காசு வாங்காமல்தானே மொழிபெயர்த்தார்கள், அது எப்படித் திருட்டு?" "காசு கொடுக்கத் தயார்தான், எங்கே போய்க் கொடுப்பது?" "எல்லாக் கதையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது, இதற்குக் காசு வேறா?"

இந்த மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாகப் பேசுவதால்தான் குழப்பம் நீடிக்கிறது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: இந்தக் கதைகள் தவணை முறையில் விற்கப்படும் விதம். அங்கிருந்தே தொடங்கலாம்.

மாங்காவும் வெப்டூனும்: விற்கும் முறையில் என்ன வித்தியாசம்?

மாங்கா ஜப்பானியப் படக்கதை. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதலில் வார, மாத இதழ்களில் தொடராக வரும். ஷூயிஷா நிறுவனம் 1968-ல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் இதழ் இதில் பெரியது. 1990-களின் நடுவில் அதன் விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தொட்டது. இதழ் மலிவான தாளில் அச்சாகும், படித்துவிட்டுப் போட்டுவிடலாம். நிஜமான வருமானம், அத்தியாயங்களைச் சேர்த்துப் போடும் தொகுதிகளில்தான்.

இதழோடு ஒரு கருத்துக்கணிப்பு அஞ்சலட்டை வரும். அந்த வாரம் பிடித்த கதைகளை வாசகர் குறித்து அனுப்புவார். தொடர்ந்து கீழே இருக்கும் கதை சில மாதங்களுக்குள் முடித்துவைக்கப்படும். பத்து இருபது அத்தியாயங்களில் கதை ஏன் திடீரென்று அரக்கப்பரக்க முடிகிறது என்று நம் வாசகர்கள் குழம்புவார்கள். பெரும்பாலும் அந்த ஓட்டு விழாததுதான் காரணம்.

வெப்டூன் போனுக்காகவே வளர்ந்த வடிவம். வண்ணத்தில், மேலிருந்து கீழாக உருட்டிப் படிப்பது. தென் கொரியாவில் டாவும் (Daum) என்ற நிறுவனம் 2003-லும் நேவர் என்ற நிறுவனம் 2004-லும் தங்கள் இணையதளங்களில் இதைத் தொடங்கின. நேவரின் ஆங்கிலப் பதிப்பு 2014-ல் வந்தது. அந்த வியாபாரம் வளர்ந்து, வெப்டூன் எண்டர்டெயின்மென்ட் என்ற பெயரில் 2024 ஜூனில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

வெப்டூனில் அஞ்சலட்டை கிடையாது. எந்த அத்தியாயத்தில் எத்தனை பேர் நிறுத்தினார்கள், எத்தனை பேர் காசு போட்டு அடுத்ததைத் திறந்தார்கள் என்பதெல்லாம் நிறுவனத்துக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். கதை பிழைப்பதும் சாவதும் இந்தக் கணக்கில்தான்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது போல ஏன் இருக்கிறது?

வாசகர்களின் பெரிய சலிப்பு இதுதான், நியாயமான சலிப்பும்கூட. விபத்தில் செத்தவன் வேறு உலகத்தில் பிறக்கிறான். துரோகத்தால் கொல்லப்பட்டவன் பத்து வருடம் பின்னால் போய்க் கண் விழிக்கிறான். கடைநிலை வேட்டைக்காரனுக்கு மட்டும் கண் முன்னால் ஒரு நீலத் திரை தோன்றி, 'உன் நிலை உயர்ந்தது' என்கிறது. நாவலின் வில்லி உடம்பில் புகுந்த பெண், தனக்கு எழுதப்பட்ட சாவிலிருந்து தப்பப் பார்க்கிறாள். படிப்பவர்கள் இவற்றை இசெகாய், ரிக்ரெஷன், சிஸ்டம், வில்லனெஸ் என்றே வகை பிரிப்பார்கள்.

எழுதுபவர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று சொல்வது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு வழக்கமும் தவணைக் கதையின் ஏதோ ஒரு நெருக்கடிக்குப் பதிலாக வந்திருக்கிறது.

1. முதல் அத்தியாயத்திலேயே பிடிக்க வேண்டும். ஜப்பானில் 2004 முதல் இயங்கும் ஷோசெட்சுகா நி நரோ போன்ற இணைய நாவல் தளங்களில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். லட்சக்கணக்கான கதைகள் குவியும் இடத்தில் புது உலகத்தை நிதானமாக அறிமுகப்படுத்த யாருக்கும் பொறுமை இருக்காது. 'வேறு உலகத்தில் மறுபிறவி' என்றால் விதிகள் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். அறிமுகத்துக்கான பக்கங்கள் மிச்சம். இந்தத் தளங்களில் முந்திய நாவல்களே பிறகு மாங்காவாகவும் வெப்டூனாகவும் மாறுகின்றன, வழக்கங்களும் கூடவே வந்துவிடுகின்றன.

2. ஒவ்வொரு தவணைக்கும் ஏதாவது ஒரு பலன் வேண்டும். நாயகனின் பலம் 12-லிருந்து 13 ஆனது என்று ஒரு திரை காட்டினால், வேறெதுவும் நடக்காத அத்தியாயத்திலும் கதை நகர்ந்த மாதிரி இருக்கும். எண்களின் வேலை அங்கே அதுதான்.

3. தோல்வி நீளக் கூடாது. நாயகன் அவமானப்பட்டு அத்தியாயம் முடிந்தால், அந்த எரிச்சலை வாசகர் ஒரு வாரம் சுமக்க வேண்டும். கொரிய வாசகர்கள் இப்படி நெஞ்சை அடைக்கும் கதையைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்பார்கள். அடைப்பைச் சட்டென்று நீக்கும் பழிவாங்கலை சோடா என்பார்கள். காலத்தில் பின்னால் போய்த் திரும்பிய நாயகனுக்கு எதிரி யார், எப்போது வருவான் என்பதெல்லாம் முன்பே தெரியும். வாரா வாரம் சோடா கொடுக்க அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

நம்மூர் மாஸ் படத்தில் இடைவேளைக்கு முன்னால் நாயகன் திருப்பி அடித்தே ஆக வேண்டும் என்று எழுதுகிறார்களே, அந்தக் கணக்கேதான் இங்கே வாரா வாரம் நடக்கிறது. தமிழ் இளைஞர்களுக்கு ரிக்ரெஷன் கதைகள் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் விலையும் உண்டு. பின்விளைவு இல்லாத வெற்றிகள் ஐம்பது அத்தியாயங்களுக்கு மேல் தாங்காது. முதல் முப்பது அத்தியாயங்களைத் தூங்காமல் படித்துவிட்டு எண்பதாவதில் கைவிடுகிறோம் என்று வாசகர்கள் சொல்வது இதனால்தான். அதே வழக்கங்களுக்குள் நின்றே நல்ல எழுத்தாளர்கள் பெரிய வேலை செய்வதும் உண்டு. எதிர்காலம் தெரிந்தவனுக்கு அந்தத் தெரிதலே பாரமாகும் கதைகளும், மறுபிறவி எடுத்தவள் தன் பழைய குடும்பத்துக்காக ஏங்கும் கதைகளும் இந்தக் கூட்டத்துக்குள்ளேயேதான் இருக்கின்றன.

காத்திருக்கவைப்பதே வியாபாரம்

தமிழ் வாசகர்களுக்குத் தவணைக் கதை புதிதில்லை. வார இதழ்களில் 'தொடரும்' என்ற சொல்லோடு வளர்ந்த சமூகம் இது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிவைத்த வீடுகள் எத்தனையோ. ஆனால் அங்கே அடுத்த பகுதி யாரிடமும் இருக்காது. அச்சாகும்வரை எல்லாரும் சேர்ந்தே காத்திருந்தார்கள்.

இன்றைய வெப்டூனில் நிலைமை வேறு. அடுத்த அத்தியாயம் தயாராக இருக்கிறது, பூட்டு மட்டும் போட்டிருக்கிறது. ககாவோவின் தளமான ககாவோபேஜ் 2014-ல் கொண்டுவந்த 'காத்திருந்தால் இலவசம்' என்ற முறைதான் இதற்கு முன்மாதிரி. குறிப்பிட்ட நேரம் பொறுத்தால் ஒரு அத்தியாயம் சும்மா திறக்கும். பொறுமை இல்லையென்றால் காசு. இப்போது பல செயலிகளில் காயின் வாங்கித் திறக்கும் முறை இதன் வழியில் வந்ததுதான்.

திரையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நாயகனின் தங்கை மருத்துவமனைப் படுக்கையில் கண் திறக்கிறாள். அவள் பார்வை கதவுப் பக்கம் திரும்புகிறது. கட்டம் முடிந்து, நீளமாக ஒரு வெற்றுக் கறுப்பு. உருட்டிக்கொண்டே போனால் கதவிடுக்கில் ஒரு கை. அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது. விரல் இன்னும் உருட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அத்தியாயத்தின் சின்னப் படம், அதன் மேல் பூட்டு, பக்கத்தில் காயின் எண்ணிக்கை. அந்தக் கறுப்பு இடைவெளியை ஓவியர் எவ்வளவு நீளமாக விட்டார் என்பதும் பூட்டு எங்கே விழுகிறது என்பதும் தற்செயல் கிடையாது.

இனி கணக்கைப் போடுவோம். பெரும் புகழ் பெற்ற சோலோ லெவலிங் வெப்டூன் கிளைக்கதைகளையும் சேர்த்து 200 அத்தியாயங்கள். அப்படிப்பட்ட தொடரை நாளுக்கு ஒன்று வீதம் காத்திருந்து திறந்தால் ஆறரை மாதம் ஆகும். திருட்டுத் தளத்தில் ஒரு சனிக்கிழமை இரவு போதும்.

பைரசி என்றதும் நாம் விலையைப் பற்றியே பேசுகிறோம். விலைக்கும் பங்கு உண்டுதான். சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் ஆங்கில மாங்கா ஒரு தொகுதி 400, 500 ரூபாய். நூறு தொகுதிகளைத் தாண்டிய ஒரு தொடரை முழுதாக வாங்க 45,000 ரூபாய்க்கு மேல் ஆகும். கல்லூரி மாணவர் யாரும் அதைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார். ஆனால் இலவசமாகவே சட்டப்படி கிடைக்கும் கதைகளையும் வாசகர்கள் திருட்டு நகலில் படிக்கிறார்களே, அது ஏன்? அவசரம்தான் காரணம். அந்த அவசரத்தைக் கதையின் அமைப்பே திட்டமிட்டு உண்டாக்குகிறது. உண்டாக்கிய தாகத்தைத் தணிக்கும் வழியை மட்டும் நிறுவனங்கள் நாடு நாடாக, மொழி மொழியாகப் பூட்டிவைத்தன. அந்த இடைவெளியில்தான் திருட்டுத் தளங்கள் குடியேறின.

ஒரு ஸ்கேன்லேஷன் எப்படி உருவாகிறது?

ரசிகர்கள் அனுமதியின்றி ஸ்கேன் செய்து மொழிபெயர்த்து வெளியிடுவதை ஸ்கேன்லேஷன் என்கிறார்கள். ஒரே ஆள் செய்கிற வேலை இல்லை இது. வழக்கமாக இப்படிப் போகும்:

1. ஒருவர் மூல மொழிப் பக்கங்களைக் கொண்டுவருவார். அவற்றை 'ரா' என்பார்கள். இதழை வாங்கி ஸ்கேன் செய்வதும் உண்டு, கொரியச் செயலியில் காசு கட்டி எடுப்பதும் உண்டு.
2. மொழிபெயர்ப்பாளர் உரையாடலைத் தனிக் கோப்பில் எழுதுவார்.
3. க்ளீனர், உரையாடல் எழுதியிருக்கும் பலூன்களில் உள்ள மூல எழுத்தை அழிப்பார். படத்தின் மேலேயே வரைந்த சத்த எழுத்துகளை அழித்தால் அடியில் ஓட்டை விழும். மழைக் கோடு, தலைமுடி, சுவரின் செங்கல் என்று அந்த இடத்தை மறுபடி வரைய வேண்டும். மொத்த வேலையில் மிகவும் நோகிற பகுதி இதுதான்.
4. டைப்செட்டர் புது எழுத்தைப் பலூனுக்குள் பொருத்துவார்.
5. இன்னொருவர் பிழை பார்த்து ஏற்றுவார்.

இந்தக் குழுக்களில் உண்மையான காதலோடு உழைத்தவர்கள் நிறைய. எந்தப் பதிப்பகமும் சீண்டாத பழைய மாங்காக்கள் ஆங்கில வாசகர்களிடம் வந்ததே அவர்களால்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பிரச்சினை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. குழு ஏற்றிய சில நிமிடங்களில், பிறர் ஏற்றியதை அள்ளிச் சேர்க்கும் திரட்டுத் தளங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஓவியரிடமும் கேட்பதில்லை, மொழிபெயர்த்த ரசிகரிடமும் கேட்பதில்லை. பக்கத்துக்குப் பக்கம் சூதாட்ட விளம்பரம், தொட்டால் வேறு தளத்துக்கு இழுத்துப்போகும் பொய்ப் பொத்தான். வருமானம் முழுவதும் அவர்களுக்கு. குழுக்களிலும் சில, அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே படிக்க மாதச் சந்தா வாங்கத் தொடங்கின. பதிப்பகம் போட்ட பூட்டை உடைத்து எடுத்ததற்கு மேல் தங்கள் பூட்டைப் போட்டார்கள். "காசு வாங்காமல்தானே செய்தார்கள்" என்ற வாதம் அங்கேயே நின்றுபோகிறது.

கசிவு என்று இன்னொன்று உண்டு. ஜம்ப் இதழ் ஜப்பானில் திங்கள்கிழமை வெளியாகும். கடைகளுக்கு அதற்கு முன்பே போய்ச் சேரும் பிரதிகளிலிருந்து புதன், வியாழனிலேயே பக்கங்கள் இணையத்தில் வந்துவிடும். 2024 பிப்ரவரியில் ஜப்பானியக் காவல்துறை இப்படி வெளியீட்டுக்கு முன்பே பக்கங்களைப் படமெடுத்துப் பரப்பிய வழக்கில் இருவரைக் கைது செய்தது. மூன்று நாள் முன்னால் படிப்பதற்காக, மங்கலான போட்டோவையும் அரைகுறை மொழிபெயர்ப்பையும் நம் வாசகர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் ஒருவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஒரு உச்சக்காட்சியை அப்படிப் படிப்பது, படிப்பவருக்கே பெரிய இழப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இந்தியா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் பெர்ன் உடன்படிக்கையில் உள்ளன. ஆகவே டோக்கியோவில் வெளியான படைப்புக்கும் பெங்களூரில் பாதுகாப்பு உண்டு.

1. மொழிபெயர்க்கும் உரிமை படைப்பின் உரிமையாளருக்கே உரியது. பிரிவு 14 இதைத் தெளிவாகச் சொல்கிறது. காசு வாங்கவில்லை என்பது அனுமதி ஆகாது.
2. தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு, பிரிவு 63-ன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார லாபத்துக்காகச் செய்யாத நிலையில், காரணத்தைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது.
3. சட்டத்தின் முனை முக்கியமாக நகலெடுப்பவர், பரப்புபவர் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. ஜப்பான் இதில் இன்னொரு படி போனது. திருட்டு மாங்கா என்று தெரிந்தே பதிவிறக்குவதும் 2021 ஜனவரி 1 முதல் அங்கே சட்டவிரோதம்.
4. விமர்சனத்துக்காகச் சில கட்டங்களைக் காட்டுவதற்குப் பிரிவு 52 இடம் தருகிறது. முழு அத்தியாயத்தையும் காட்டுவது விமர்சனத்தில் அடங்காது.

தளத்தை முடக்கினால் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு மறுநாளே வந்துவிடுகிறதே? புதுப்படங்களை ஏற்றும் தளங்களோடு தமிழ்த் திரையுலகம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய கதை. இதற்காகத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், யுடிவி சாஃப்ட்வேர் தொடர்ந்த வழக்கில், டைனமிக் தடை உத்தரவு என்ற முறையைக் கொண்டுவந்தது. அதே தளம் புது முகவரியில் முளைத்தால் மறுபடி புதிய வழக்குப் போட வேண்டியதில்லை. பழைய உத்தரவிலேயே அந்த முகவரியையும் சேர்க்கக் கேட்கலாம்.

ஆனாலும் முகவரியை முடக்குவதைவிட நடத்துபவரைப் பிடிப்பதே அதிகம் பலித்திருக்கிறது. மாங்காமுரா என்ற ஜப்பானியத் திருட்டுத் தளம் 2018 ஏப்ரலில் மூடப்பட்டது. நடத்தியவருக்கு 2021-ல் மூன்றாண்டு சிறையும் 1 கோடி யென் அபராதமும் விதிக்கப்பட்டன. 2024-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மூன்று பதிப்பகங்களுக்கு ஏறத்தாழ 170 கோடி யென் இழப்பீடு தரச் சொன்னது. தென் கொரியாவிலும் பாம்டோக்கி என்ற பெரிய வெப்டூன் திருட்டுத் தளத்தை நடத்தியவர் 2018 மே மாதம் கைதானார். 2025-ல் நடந்தவை இந்த வரிசையின் தொடர்ச்சிதான். ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் இப்போது தங்கள் ஆங்கிலச் செயலிகளை உலகம் முழுக்க விற்கப் பார்க்கின்றன. அதனால் முன்பு கண்டும் காணாமல் விட்ட ஆங்கில நகல்கள் இப்போது நேரடிப் போட்டியாகிவிட்டன.

"எங்கே போய்க் கொடுப்பது?"

பத்து வருடம் முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. இன்று பாதிக்குப் பதில் இருக்கிறது, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஷூயிஷாவின் மாங்கா பிளஸ் செயலி 2019 ஜனவரியில் தொடங்கியது, இந்தியாவிலும் கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் கடைசிச் சில அத்தியாயங்களும் அங்கே இலவசம். ஜப்பானில் திங்கள் நள்ளிரவு 12 மணி என்றால் நமக்கு ஞாயிறு இரவு 8.30, ஜம்ப்பின் புது அத்தியாயங்கள் அப்போதே ஆங்கிலத்தில் வந்துவிடும். பழைய அத்தியாயங்களுக்கு, ஆங்கில மாங்கா பதிப்பகமான விஸ் மீடியாவின் ஷோனென் ஜம்ப் செயலி இருக்கிறது. அதன் மாதச் சந்தா ஒரு தொகுதியின் விலையைவிடக் குறைவு. ஆகவே ஜம்ப்பின் பிரபலமான தொடர்களைப் பொறுத்தவரை "வழியில்லை" என்ற வாதம் இப்போது செல்லாது.

மற்றவற்றுக்கு அது இன்னும் செல்லும். சிறிய பதிப்பகங்களின் கதைகள், முடிந்துபோன பழைய தொடர்கள், பெண்களுக்கான ஜோசெய் வகை மாங்காக்கள் பலவும் ஆங்கிலத்திலேயே உரிமம் பெறாமல் கிடக்கின்றன. சில ஆங்கிலத்தில் வந்தாலும் இந்தியாவில் திறக்காது. மாங்காடெக்ஸ் நீக்கத்தில் வாசகர்களுக்கு அதிகம் வலித்தது இந்த வகையில்தான். படிக்கும் இடம் போனது, வாங்கும் இடம் வரவில்லை.

தமிழில் படிக்க வேண்டுமென்றால்?

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தனி நிலைமை உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி படித்திருக்கும். தமிழ் சரளமாகப் பேசும், கேட்டால் புரியும், எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று தலைமுறைகளாக இங்கே இருக்கும் குடும்பங்களில் இது சகஜம். இவர்களைத் தமிழில் சென்றடைந்த வடிவம் அச்சும் இல்லை, செயலியும் இல்லை. 'மன்ஹ்வா விளக்கம்' வீடியோக்கள்தான். மன்ஹ்வா என்பது கொரியப் படக்கதை.

இந்த வீடியோக்களின் அமைப்பு ஒன்றுதான். ஆங்கில ஸ்கேன்லேஷனின் கட்டங்களை வெட்டி, பலூன்களை மறைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவார்கள். மேலே ஒரு குரல்: "இப்போ நம்ம ஹீரோ அந்த டஞ்சனுக்குள்ள போறான்..." இருபது அத்தியாயம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாத்திரங்களின் பெயர் சொல்ல மாட்டார்கள், எல்லாக் கதையிலும் அவன் 'நம்ம ஹீரோ'தான். பல வீடியோக்களில் கதையின் பெயரே வராது. வரைந்தவர் யார் என்று தெரியவே தெரியாது.

சொல்பவர்களின் திறமையை மறுக்க முடியாது. பேச்சுத் தமிழில் விறுவிறுப்பாகக் கதை சொல்வது ஒரு கலை, அதற்குப் பெரிய கூட்டம் இருக்கிறது. ஆனால் மூலத்தில் ஓவியர் விட்ட அந்த நீளக் கறுப்பு இடைவெளி இங்கே அரை விநாடியில் ஓடிப்போகிறது. விளம்பரக் காசில் ஒரு பைசா அவருக்குப் போவதில்லை. கதையின் பெயரைக்கூட மறைப்பதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. பெயர் தெரிந்தாலாவது ஒரு சிலர் தேடிப் போய்ப் படிப்பார்கள்.

முறையான தமிழ் மொழிபெயர்ப்பு முடியாத காரியமா என்றால், தமிழ் அதை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் தொடங்கி, பிரிட்டிஷ், ஐரோப்பியப் படக்கதைகளை உரிமம் வாங்கித் தமிழில் கொண்டுவந்தன. இரும்புக்கை மாயாவியைத் தெரியாத அந்தத் தலைமுறைச் சிறுவர் குறைவு. அந்த வழியில் மாங்கா ஏன் பெரிதாக வரவில்லை? இரண்டு காரணங்கள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று, நீளம். ஐரோப்பிய ஆல்பம் பெரும்பாலும் ஒரே புத்தகத்தில் முடியும்; விற்காவிட்டால் அடுத்ததை வாங்காமல் விடலாம். மாங்கா இருபது தொகுதி, ஐம்பது தொகுதி என்று போகும். பாதியில் நிறுத்தினால் வாசகர் கோபம், தொடர்ந்தால் நஷ்டம். சந்தாவை நம்பி நடக்கும் சிறு பதிப்பகத்தால் அந்தப் பந்தயத்தைக் கட்ட முடியாது.

இரண்டு, பலூன். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் மாங்காவின் பலூன்கள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். தமிழ்ச் சொற்களோ ஒட்டு மேல் ஒட்டாக நீள்பவை. 'காப்பாற்றியிருக்கலாமே' என்ற ஒற்றைச் சொல்லை அந்தப் பலூனுக்குள் போட்டுப் பாருங்கள்: எழுத்து எறும்பளவு ஆகும், இல்லையென்றால் சொல்லை மூன்றாக உடைக்க வேண்டும். சுருக்கமான பேச்சுத் தமிழில் எழுதத் தெரிந்தவரால்தான் அதைச் சமாளிக்க முடியும். சத்த எழுத்துகளில் மட்டும் தமிழுக்குப் பஞ்சமே இல்லை. தடதட, சளசள, படபட என்று இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியக் காலத்திலிருந்து வைத்திருக்கும் மொழி இது.

வெப்டூனில் இந்தச் சிக்கல் பெரிதும் குறைவு. கட்டங்களுக்கு நடுவே இடம் தாராளம், பலூனும் எழுத்தும் கணினிக் கோப்பில் தனி அடுக்காக இருக்கும், நகர்த்தலாம், பெரிதாக்கலாம். டூன்சூத்ரா போன்ற இந்தியச் செயலிகள் தமிழ் உட்பட நம் மொழிகளில் வெப்டூன் தர முயல்வதும் இதனால்தான். தமிழில் தொடர்கதையை போனில் தவணை தவணையாகப் படிக்க ஆள் இருக்கிறது என்பதை, பெங்களூரிலிருந்தே இயங்கும் பிரதிலிபி என்ற கதைச் செயலி ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

கணக்கில் வராத வாசகர்

திருட்டு நகலால் நிறுவனத்துக்கு எத்தனை கோடி நஷ்டம் என்ற பேச்சு நம் வாசகரைத் தொடுவதில்லை. அதில் ஓரளவு நியாயமும் உண்டு: இலவசமாகப் படித்த ஒவ்வொருவரும் இல்லாவிட்டால் காசு கொடுத்திருப்பார் என்று கணக்குப் போடுவது மிகை. எனக்குக் கவலை தரும் இழப்பு வேறு.

அஞ்சலட்டையோ செயலியின் கணக்கோ, இந்த உலகில் எது தொடர வேண்டும், எது எந்த மொழிக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது எண்ணப்பட்ட வாசகர்கள்தான். மாங்கா பிளஸ் ஆங்கிலம், ஸ்பானிஷ் மொழிகளோடு தொடங்கி, பிறகு போர்த்துகீசியம், இந்தோனேசியம், தாய், வியட்நாமியம் என்று சேர்த்துக்கொண்டே போனது. இந்திய மொழி எதுவும் அங்கே இல்லை. பெங்களூரிலும் சென்னையிலும் இரவெல்லாம் படிக்கும் தமிழ் வாசகர், திரட்டுத் தளத்தில் படித்தால் அந்த எண்ணிக்கை சூதாட்ட விளம்பரதாரருக்கு மட்டுமே தெரியும். விளக்க வீடியோவில் பார்த்தால் அந்த வீடியோவின் கணக்கில் மட்டுமே ஏறும். தமிழ் என்ற மொழியில் ஒரு சந்தை இருப்பதே டோக்கியோவுக்கும் சியோலுக்கும் தெரியப்போவதில்லை.

கதைகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற புகாருக்கும் இது பொருந்தும். நிதானமான, வழக்கத்துக்கு மாறான கதையை நேசிப்பவர் அதைத் திருட்டு நகலில் படித்தால், அந்தக் கதை கணக்கில் தோற்றுப்போகிறது. முப்பதாவது வாரத்தில் அது நிறுத்தப்படும். அந்த இடத்தில் இன்னொரு நீலத் திரை வரும். பிடித்த கதை ஓடவேண்டும் என்று விரும்பும் வாசகரிடம் இருக்கும் ஒரே ஓட்டு, அதை எண்ணப்படும் இடத்தில் படிப்பதுதான்.

இப்போது ஒரு வாசகர் என்ன செய்யலாம்?

1. பாதியில் நின்ற தொடரின் மூலப் பதிப்பகம் எது என்று முதலில் தேடுங்கள். ஷூயிஷா என்றால் மாங்கா பிளஸில் இருக்க வாய்ப்பு அதிகம். கொரியத் தொடர் என்றால் நேவர், ககாவோ இரண்டில் எதன் வழியாக வந்தது என்று பாருங்கள். ஆங்கிலத் தலைப்பு ஸ்கேன்லேஷனில் ஒன்றாகவும் அதிகாரப்பூர்வப் பதிப்பில் வேறாகவும் இருக்கும். ஓவியர் பெயரை வைத்துத் தேடினால் சுலபமாகக் கிடைக்கும்.
2. இலவச அத்தியாயங்களைச் செயலியிலேயே படியுங்கள். காசு கொடுக்காத வாசகரும் அங்கே எண்ணப்படுகிறார், விளம்பரம் வழியாக ஓரளவு வருமானமும் போகிறது.
3. உரிமமே இல்லாத கதை என்றால், பதிப்பகங்கள் அவ்வப்போது நடத்தும் வாசகர் கருத்துக்கணிப்புகளில் அதன் பெயரை எழுதுங்கள். ஆங்கில மாங்கா பதிப்பகங்கள் இவற்றைப் பார்த்து உரிமம் வாங்குவது உண்டு. நாடு என்ற இடத்தில் இந்தியா, மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறிப்பிடுங்கள்.
4. விளக்க வீடியோ செய்பவர்கள், கதையின் பெயர், எழுத்தாளர், ஓவியர், அதிகாரப்பூர்வமாகப் படிக்கும் இடம் ஆகிய நான்கையும் வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லலாம். இதனால் அது சட்டப்படி சரியாகிவிடாது. ஆனால் வரைந்தவரின் பெயராவது தமிழ்க் காதுகளில் விழும்.